அந்தக் காலத்துக் காலேஜ் கதைகள்: எது நிஜம், எது கற்பனை?

எங்கள் ஊரில் முகூர்த்த நாள் என்றால் சன்னதித் தெரு முழுவதும் வயதான மாப்பிள்ளைகள்தான். அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். ஹோமம், கலசாபிஷேகம், மாங்கல்யதாரணம் எல்லாம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் பேரன் பேத்திகளின் காலேஜ் அட்மிஷனில் வந்து நிற்கும். அங்கிருந்து “எங்க காலத்துல…” என்று ஆரம்பமாகும். அப்புறம் இலை எடுக்கிற வரைக்கும் நிற்காது.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அட்மிஷன் ரிஜிஸ்டர், டி.சி. புத்தகம், ஸ்காலர்ஷிப் பட்டியல் இவற்றோடுதான் வாழ்க்கை போயிற்று. அதனால் இந்தக் கதைகளைக் கேட்கும்போது கை கொஞ்சம் அரிக்கும். ஓய்வு பெற்ற பிறகு நேரம் நிறைய இருந்ததால், கதைகளில் எது நிஜம் என்று புத்தகங்களையும் பழைய தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்தேன். கிடைத்ததில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயம், பிறந்த தேதி. சர்ட்டிபிகேட்டில் இருப்பதே உண்மையான தேதி என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அது எப்படி வந்தது என்று தெரியும். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. ஹெட்மாஸ்டர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொள்வார். பையன் மேலே படித்து உத்தியோகம் பார்க்கும்போது நாலு நாள் கூடுதலாகச் சர்வீஸ் இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு வயதைக் குறைத்துப் போடச் சொன்ன தகப்பனார்களும் உண்டு. இதனால்தான் அரசு உத்தியோகத்தில் 58 வயதில் ஓய்வு என்று இருந்த காலத்தில், ஜாதகப்படி அறுபது முடிந்து எங்கள் ஊரில் மணிவிழா கொண்டாடிவிட்டு, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம்.

“நான் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் படிச்சவன்” என்று பலர் சொல்வார்கள். மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் படித்தவரும் சொல்வார், கும்பகோணத்தில் படித்தவரும் சொல்வார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது அங்கே பாடம் நடத்த வகுப்பறையும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தின் முறையைப் பார்த்து அமைத்தார்கள். கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். பல்கலைக்கழகமே சொந்தமாகத் துறைகள் வைத்து ஆராய்ச்சியும் பாடமும் நடத்தியதெல்லாம் அடுத்த நூற்றாண்டில்தான். நமக்குப் பக்கத்தில் கொள்ளிடத்துக்கு அக்கரையில் 1929-ல் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வேறு மாதிரி. அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, அங்கேயே பட்டம். சீர்காழி, மாயவரம் பக்கத்துப் பையன்கள் பாசஞ்சர் ரயிலில் தினமும் போய் வந்ததால் ‘தங்கி’ என்பது மட்டும் நமக்குப் பொருந்தாது!

அந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் யார் என்று கேட்டுப் பாருங்கள். மயிலாப்பூர்க்காரர் அல்லது தஞ்சாவூர் ஐயர் என்றுதான் பதில் வரும். இருவர். இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய செமினரியில் படித்துவிட்டு வந்தவர்கள். தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் நம் கும்பகோணத்தில்தான் வக்கீலாக இருந்தார். கலித்தொகையை 1887-ல் அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். கடல் தாண்டி வந்த ஒருவர் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு, காவிரிக் கரையில் உட்கார்ந்து ஏட்டுச்சுவடி பார்த்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்ததும் நம் மாவட்டத்துக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. அதே கட்டடம், அதே பெஞ்சு, அதே வாத்தியார். அண்ணன் சர்ட்டிபிகேட்டில் சென்னை, தம்பி சர்ட்டிபிகேட்டில் பாரதிதாசன். “பெரிய யுனிவர்சிட்டி போயிடுத்தே, பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா” என்று கேட்ட பெற்றோருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்த வருஷங்களில் எங்கள் வாய் வலித்தது.

அடுத்தது ராமானுஜன். “கணக்கு மேதையைக் கணக்கிலேயே ஃபெயில் போட்ட காலேஜ்” என்று கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு ஒரு கெட்ட பெயர். மார்க் குறைந்த பேரனைத் தேற்றுவதற்கு இந்தக் கதையைச் சொல்லாத தாத்தா இல்லை. நடந்தது வேறு. ராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் படித்து, 1903 கடைசியில் மெட்ரிகுலேஷன் தேறி, 1904-ல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். எஃப்.ஏ.வுக்கு ஆங்கிலம், கணிதம், உடற்கூறு இயல், கிரேக்க ரோமானிய வரலாறு, சம்ஸ்கிருதம் எல்லாம் படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஒன்றில் நூற்றுக்கு நூறு வாங்கி இன்னொன்றில் விட்டால் மொத்தமும் போச்சு. ராமானுஜனுக்குக் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தொகை இல்லாமல் முடியாது. வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். பிறகு 1906-ல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தோற்றார். கணக்கு அவரை ஒரு தடவையும் கவிழ்க்கவில்லை.

இதில் நான் கல்லூரியைப் பெரிதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். பரீட்சை விதியைப் பல்கலைக்கழகம் போட்டது, கல்லூரி அதைப் பின்பற்றியது. உதவித்தொகையை மட்டும் நிறுத்தாமல் இருந்திருக்கலாம். ஆனால் கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, எந்தப் பல்கலைக்கழகத்தில் எஃப்.ஏ.கூடத் தேறவில்லையோ அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்க விதியில் இடமில்லை. அதைத் தாண்டிக் கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜ் போவதற்கு முந்தைய வருஷம் இது. வெள்ளைக்காரன் கண்டுபிடித்துத் தூக்கிவிட்டான், நம் ஆட்கள் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்வது பாதிக் கதை.

அதே கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரில்லை. மாயவரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பட்டம் இல்லாத ஆசிரியர் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்குப் பாடம் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல்.

இனி, நான் முக்கியமாக எழுத நினைத்த விஷயம்.

போன தை மாதம் ஒரு சதாபிஷேகப் பந்தி. எண்பது முடிந்த மாப்பிள்ளை ஓய்வு பெற்ற என்ஜினியர், நல்ல மனிதர். பக்கத்தில் இருந்தவரிடம் பலமாகவே சொன்னார்: “எங்க காலத்துல மார்க்குதான் பேசும். இந்தக் கோட்டா கீட்டா எதுவும் கிடையாது.” சாம்பார் வாளியோடு நின்ற பையன் ஒரு நிமிஷம் கரண்டியை நிறுத்திவிட்டு அடுத்த இலைக்குப் போனான். எனக்குத் தெரிந்த பையன். லீவு நாளில் கேட்டரிங் வேலைக்கு வருகிறவன். அப்பா, அம்மா இரண்டு பேரும் வயல் கூலி. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான்.

என்ஜினியர் சேர்ந்தது 1960 வாக்கில் இருக்க வேண்டும். அப்போது தொழிற்கல்லூரிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு நூற்றுக்கு 25, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கு 16 இடங்கள் ஒதுக்கீடு. ஆக 41 போய்விடுகிறது. இட ஒதுக்கீடு என்பது நேற்றைக்கு வந்தது என்றும், சுதந்திரத்துக்குப் பிறகு ஓட்டுக்காகக் கொண்டுவந்தது என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். நம் மாகாணத்தில் அதன் வயது நூறுக்கு மேல். நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ல் வகுப்புவாரி உத்தரவு வந்தது. எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது 1927-ல் அது உண்மையாக நடைமுறைக்கு வந்தது. முதலில் அரசு வேலைக்கு, பிறகு கல்லூரிச் சேர்க்கைக்கு.

1950-ல் வழக்கு வந்த சமயத்தில் கணக்கு எப்படி இருந்தது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பதினான்கு இடம் என்று வைத்துக்கொண்டால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அதாவது எல்லோருக்குமே கோட்டா. ‘ஓப்பன்’ என்று ஒரு இடமும் இல்லை. இன்றைக்கு இருப்பது இதைவிடக் கடுமையானது என்று பேசுகிறவர்கள் இந்தப் பதினான்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

இதற்குள்ளே இன்னும் சில அறைகள். அப்போது சென்னை மாநிலம் முழுவதற்கும் நாலே நாலு அரசு மருத்துவக் கல்லூரி. சென்னையில் இரண்டு, மற்றவை விசாகப்பட்டினத்திலும் குண்டூரிலும். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி வந்தது 1950-களின் கடைசியில்தான். மொத்தம் 330 இடங்கள். தெலுங்கு ஜில்லாக்கள், மலபார், நம் தஞ்சாவூர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 330. அதில் 17 வெளி மாநிலத்தவர்களுக்கு. 12 இடங்கள் அரசாங்கம் தன் விருப்பப்படி கொடுக்க. (இந்த 12-க்கு மார்க் பேசியிருக்குமா, மனிதர்கள் பேசியிருப்பார்களா என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.) மீதியை ஜில்லாக்களின் நாலு தொகுதிகளுக்குப் பிரித்து, அதற்குள் சமூகவாரியாகப் பிரித்து, குறைந்தது நூற்றுக்கு 20 பெண்களுக்கு என்றும் வைத்திருந்தார்கள். 1950-லேயே மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு! இதைச் சொன்னால் என் மருமகளே நம்பவில்லை.

அந்த வழக்கைப் பற்றியும் ஒரு தவறான கதை உண்டு. செண்பகம் துரைராஜன் என்ற பெண் நல்ல மார்க் வாங்கி, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, இடம் மறுக்கப்பட்டு, கோர்ட்டுக்குப் போனார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் விண்ணப்பமே போடவில்லை. விசாரித்தபோது தான் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகச் சொல்லி, நேரே வழக்குப் போட்டார். விண்ணப்பிக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. உண்மையில் விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போனவர் இரண்டாவது மனுதாரர் ஸ்ரீனிவாசன். இன்டர்மீடியட்டில் 450-க்கு 369 வாங்கிய பையன், கிண்டி என்ஜினியரிங் கல்லூரிக்குப் போட்டவர். மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும் என்று அரசு வக்கீலே ஒப்புக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அந்த வழக்கு அவர் பெயரில் நிலைத்திருக்க வேண்டும். அவர் மனக்குறையை நான் சின்னது என்று சொல்லவில்லை. 369 வாங்கிவிட்டு வெளியே நிற்பது எந்தச் சாதிப் பிள்ளைக்கும் வலிக்கும்.

1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் அந்த வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி. அதே ஜூன் மாதம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்பட்ட வகுப்பினருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) சேர்ந்தது. அதன் பிறகுதான் என்ஜினியர் காலத்து 25-ம் 16-ம். 1971-ல் அது 31-ம் 18-ம் ஆயிற்று. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பிற்பட்டோருக்கு 50. 1989-ல் அந்த ஐம்பதுக்குள் மிகவும் பிற்பட்டோருக்கு 20. 1990-ல் பழங்குடியினருக்குத் தனியாக 1 சேர்ந்து 69. இந்த 69-ஐத்தான் 1994-ல் தனிச் சட்டமாக்கி ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள்.

“மார்க்குதான் பேசும்” என்பதற்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அன்றைக்கு இன்டர்வியூ உண்டு. 1970-ல் மருத்துவக் கல்லூரித் தேர்வில் இன்டர்வியூவுக்கு மட்டும் 75 மார்க். பி.யூ.சி.யில் ராப்பகலாகப் படித்து வாங்கிய ஐந்து மார்க்கை, தேர்வுக் குழுவின் முன் சில நிமிஷங்கள் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது இழக்கலாம், பத்தாகவும் வாங்கலாம். ஆங்கிலம் பேசத் தெரிந்த டவுன் பையனுக்கும், வேட்டியோடு போன நம் ஊர்ப் பையனுக்கும் அந்த 75-ல் எவ்வளவு வித்தியாசம் வந்திருக்கும்? பெரியகருப்பன் என்பவர் தொடுத்த வழக்கில் அதே 1970-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையைக் கண்டித்தது. அதற்கு முன் 1968-ல், ஜில்லா மக்கள்தொகைப்படி மருத்துவ இடங்களைப் பிரித்ததும் செல்லாது என்று ராஜேந்திரன் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆக, 1960-களில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவருக்குச் சமூகம், ஜில்லா, இன்டர்வியூ மூன்றும் பேசியிருக்கின்றன. மார்க்கும் பேசியது, நான்கில் ஒன்றாக.

தாம்பூலம் வாங்கும்போது என்ஜினியரிடம் மெதுவாகச் சொன்னேன், “நீங்க சேர்ந்த வருஷமும் கோட்டா இருந்துது சார்.” “அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே” என்றார். நிஜமாகவே தெரிந்திருக்காது. இடம் கிடைத்தவர் கணக்குப் பார்ப்பதில்லை.

பி.யூ.சி. பற்றிச் சொல்லியாக வேண்டும். “பி.யூ.சி. ஃபெயில்” என்றால் மந்தபுத்தி என்று ஒரு முத்திரை. நம் ஊர்களில் இந்த முத்திரையோடு வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டு வருஷ இன்டர்மீடியட்டை 1950-களின் நடுவில் எடுத்துவிட்டு ஒரு வருஷ பி.யூ.சி.யைக் கொண்டுவந்தார்கள். பதினோரு வருஷம் தமிழில் படித்த பையன், ஜூன் மாதக் கடைசியில் வகுப்பில் உட்காருவான். பெரும்பாலான கல்லூரிகளில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். ‘வெப்பம்’ என்று படித்தது ‘ஹீட்’ ஆகிவிடும், ‘கந்தக அமிலம்’ ‘சல்ஃப்யூரிக் ஆசிட்’ ஆகிவிடும். வாத்தியார் சொல்வது காதில் விழுந்து புரிய ஆரம்பிக்கும்போது பொங்கல் வந்துவிடும், மார்ச்சில் பரீட்சை. கிராமத்துப் பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பையன்கள் அந்த எட்டு மாதத்தில் சுருண்டதை நான் ரிஜிஸ்டரில் பார்த்திருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஒரு பக்கம், பி.யூ.சி. மார்க் ஒரு பக்கம். ஒரே பையன் என்று நம்ப முடியாது.

1978-ல் மேல்நிலைப் பள்ளி வந்து, 1980-ல் முதல் பிளஸ் டூ பரீட்சை நடந்தது. அந்த இரண்டு வருஷத்தைத் தமிழிலேயே பள்ளிக்கூடத்திலேயே படிக்கலாம் என்று ஆன பிறகுதான், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் உண்மையாகத் திறந்தது என்பது என் அபிப்பிராயம். திருக்கடையூர்ப் பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய விஷயம். பி.யூ.சி.க்குப் பதினாறு வயதில் மாயவரத்துக்கோ மேலையூர் பூம்புகார்க் கல்லூரிக்கோ பஸ் ஏற்றி அனுப்பத் தயங்கிய வீடுகள், பள்ளிக்கூடம் என்றால் சரி என்றன.

கல்லூரிக்குப் போனவர்கள் எல்லாம் மிராசுதார் பிள்ளைகள் என்பதும் முழு உண்மை கிடையாது. கையில் நிலம் இருந்தவர்களே தவித்தார்கள். டெல்டாவில் பணம் புழங்குவது தை, மாசியில், சம்பா தாளடி அறுத்து நெல் போட்ட பிறகு. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியது ஜூனில். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி நாற்றங்கால், உழவு, விதை என்று செலவு வரிசையாக நிற்கும் நேரம். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில்தான். நடுவே அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். ஐந்து ஏக்கர்காரருக்கே இந்தப் பாடு என்றால் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை எங்கே வருவான்? அவன் வந்தது ஆதிதிராவிடர் நல விடுதியும் ஸ்காலர்ஷிப்பும் வந்த பிறகு. ஸ்காலர்ஷிப் பணமும் தை, மாசியில்தான் வரும் என்பது வேறு கதை! அதுவரை கட்டணத்துக்குத் தவணை கேட்டு அலுவலகச் சன்னலில் நிற்கும் முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

பெண்கள் படித்த கதையிலும் ஒரு திருத்தம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று மேடையில் சொல்கிறார்கள். அவர் சேர்ந்தது 1907, பட்டம் 1912. அதற்கு 32 வருஷம் முன்பே, 1875-ல், மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் இன்னும் மூன்று பெண்களும் அதே கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். லண்டனில்கூடப் பெண்கள் டாக்டருக்குப் படிக்கச் சிரமப்பட்ட காலம் அது. 1880-களில் கல்கத்தாவில் இடம் கிடைக்காமல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார் அபலா தாஸ் என்ற வங்காளப் பெண். பின்னாளில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவி. இதனால் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமை ஒரு துளியும் குறையாது. அவருக்கு நிஜமான கஷ்டம் அதற்கு முந்தியது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண் பிள்ளைகள் நடுவே ஒரே பெண்ணாகச் சேர எதிர்ப்பு வந்தபோது, ராஜாவே தலையிட்டு இடம் கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

“அப்பல்லாம் மாணவர்கள் அடக்கம்” என்பார்கள். 1965 ஜனவரியில் கல்லூரியில் இருந்தவர்கள் இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்தி எதிர்ப்பில் மதுரையில் பிடித்த தீ மாநிலம் முழுவதும் பரவியது. ஜனவரி 27-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். கல்லூரிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. இரண்டே வருஷத்தில், அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான சீனிவாசன், விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார்.

விடுதி வாழ்க்கை ஒற்றுமையாக இருந்தது என்பதும் அப்படித்தான். சென்னையில் பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காமல்தான் டாக்டர் நடேச முதலியார் 1916-ல் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்று ஒரு விடுதி தொடங்கினார். ஒரு பெரிய அரசியல் இயக்கத்தின் வேர்களில் ஒன்று சாப்பாட்டுப் பந்தியில் இருந்தது என்பதை நம் பேரப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கடைசியாக நுழைவுத் தேர்வு. நீட் வந்துதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வைக் கண்டார்கள் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். வயதானவர்களும் மறந்துவிட்டார்கள். இன்டர்வியூ ஊழலுக்கு மாற்று என்று சொல்லி 1984-ல் தமிழ்நாடு அரசே மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவந்தது. அதே 1984-ல்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் வர ஆரம்பித்தன. இருபது வருஷத்துக்கு மேல் நம் பிள்ளைகள் அதை எழுதினார்கள். மே மாத வெயிலில் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் கோச்சிங் போனவர்கள் இன்றைக்கு ஐம்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். கோச்சிங்குக்குப் பணம் இல்லாத கிராமத்துப் பிள்ளை பின்தங்குகிறான் என்ற புகார் அன்றைக்கே இருந்தது. 2005-ல் தேர்வை ரத்து செய்த உத்தரவை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழு அறிக்கை கொடுத்து, 2006 டிசம்பரில் சட்டம் வந்து, 2007 முதல் தேர்வு போயிற்று. பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று சரியாகப் பத்து வருஷம் ஓடியது. 2017-ல் நீட் வந்தது. 2020-ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது.

அந்தச் சாம்பார் வாளிப் பையனின் தங்கை இப்போது அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். அந்த ஏழரை பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. போன வாரம் வந்து, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததற்குச் சான்று யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டாள். நடுவில் ஒரு வருஷம் பாட்டி வீட்டில் வேறு ஊரில் படித்திருக்கிறாள். அந்தப் பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.